ஐந்தாவது ரிவிஷன்

பிரசவ ஆஸ்பத்திரியின் புதுக் கட்டடத்தில் கீழ்த்தளக் கூடத்து சீலிங்குக்கு மேலே தண்ணீர் கசிகிறது என்று சீலிங் மேஸ்திரி போன் செய்தபோது காலை ஒன்பதே முக்கால். கீழ்த்தளத்தில் ஒரு மாதமாக நோயாளிகள் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். மேல்மாடிகளுக்கு மறுநாள்தான் திறப்பு. திறப்புக்கு முந்தின நாள் கசிவு என்றால் குழாயம்மா சும்மா இருக்க முடியுமா? பாதி குடித்த காபியை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

குழாயம்மா என்பது வேலையாட்கள் வைத்த பெயர். தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், குளிர்சாதனம், தீயணைப்பு என்று ஒரு கட்டடத்துக்குள் ஓடுகிற எல்லாவற்றுக்கும் வரைபடம் போட்டுக் கையெழுத்திடுகிற இன்ஜினியர் அவள். பதினைந்து வருஷ சர்வீஸ். முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் குழாயம்மா. அது காதில் விழுந்தாலும் விழாத மாதிரி போய்விடுவாள்.

கூடத்தில் அறுபது எழுபது பெண்கள் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நிறைமாதக்காரிகள், துணைக்கு வந்தவர்கள், கால் நீட்ட இடமில்லாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டவர்கள். ஒரு தூண்கூடக் குறுக்கே இல்லாத பரந்த கூடம். அதுதான் ஆர்க்கிடெக்டுக்குப் பெருமை. மூலையில் நாற்காலிகளை ஒதுக்கி ஏணி போட்டு, சீலிங் பலகை ஒன்றைக் கழற்றி வைத்திருந்தார் மேஸ்திரி.

அவள் மேலே ஏறி டார்ச் அடித்துப் பார்த்தாள். குழாய் காய்ந்து கிடந்தது. இணைப்பு எதிலும் ஈரமே இல்லை.

"எங்கங்க கசிவு?"

"கசிவெல்லாம் இல்லம்மா" என்றார் மேஸ்திரி, ஏணியைப் பிடித்தபடி, குரலைத் தாழ்த்தி. "கசிவுன்னு சொன்னாத்தான் நீங்க ஏறுவீங்க. விரிசல்னு சொன்னா, அது எங்க வேலையில்லன்னுடுவீங்க. சைட் மேனேஜர்கிட்ட ரெண்டு வாரம் முன்னாடியே சொன்னேன். நீ பலகையை மாட்டுற வேலையைப் பாருன்னுட்டாரு. கொஞ்சம் இடது பக்கம் அடிங்க லைட்டை."

அவள் இடது பக்கம் அடித்தாள்.

கூடத்தின் குறுக்கே போகிற பெரிய பீம் அது. இடுப்பளவு ஆழம். மேல்மாடித் தூண்கள் எல்லாம் அதன் மேல்தான் நிற்கின்றன. அந்த பீம் சுவரோரத் தூணைத் தொடுகிற இடத்துக்கு ஓரடி இப்பால், வரிசையாக ஐந்து ஓட்டைகள். ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம். ஐந்திலும் அவளுடைய கழிவுக் குழாய்கள் நுழைந்து போயிருந்தன. ஓட்டையின் ஓரத்தில் வெட்டுப்பட்ட கம்பிகளின் முனைகள் டார்ச் வெளிச்சத்தில் பளபளத்தன. முதல் ஓட்டையின் மேல்விளிம்பிலிருந்து தூணை நோக்கிச் சாய்வாக ஒரு விரிசல் ஏறிப் போயிருந்தது. அவள் தன் விசிட்டிங் கார்டை எடுத்து அதன் முனையை விரிசலில் வைத்தாள். கார்டு உள்ளே போனது.

பீமைக் கணக்குப் போடுகிற படிப்பு அவள் படிக்கவில்லை. ஆனாலும் தூணுக்குப் பக்கத்தில் பீமைத் துளைக்கக் கூடாது என்பது யாருக்கும் தெரியும். அவள் வரைபடத்தில் அந்த இடத்தில் பீமே கிடையாது. வெறும் இடைவெளி. அப்படியானால் இந்த பீம் எங்கிருந்து வந்தது?

ஏணியிலிருந்து இறங்கினாள். அந்த நேரம் பார்த்து, எங்கேயோ மோட்டார் ஓடுகிற உறுமல் காதில் விழுந்தது.

"அது என்ன சத்தம்?"

"மொட்டமாடித் தொட்டிக்குத் தண்ணி ஏத்துறாங்கம்மா. நாளைக்கு வேணும்ல."

எண்பதாயிரம் லிட்டர். அந்தத் தொட்டிக்கு இடம் குறித்ததும் அவள்தான். அதன் பாரம் தூண் வழியாக நேரே இறங்குவது இந்த பீமின் தலையில்.

சைட் மேனேஜர் திறப்பு விழாவுக்கு நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தார். அவள் சொன்னதை முழுக்கக் கேட்கக்கூட இல்லை.

"மேடம், உங்க டிராயிங், உங்க கையெழுத்து. அஞ்சு குழாய்னு போட்டிருந்தீங்க, அஞ்சு ஓட்டை போட்டோம். ஆறு போட்டிருந்தா கேளுங்க."

"அங்க பீம் இருக்குன்னு போடும்போது தெரியலையா?"

"ஓட்டை போடுறவனுக்கு பீம் எது, சுவர் எதுன்னு பார்க்கிறதா வேலை? மார்க் பண்ணின இடத்துல மெஷினை வெப்பான்."

"மோட்டாரையாவது நிறுத்துங்க."

"பீம் விஷயத்துல பீம் இன்ஜினியர் சொல்லட்டும், நிறுத்துறேன். நீங்க குழாய் ஆளு."

அவள் நேரே மோட்டார் அறைக்குப் போனாள். பம்ப் ஆபரேட்டர் வாயைத் திறப்பதற்குள் ஸ்விட்சை இறக்கி, மூன்று ஃபியூஸ்களையும் பிடுங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். அங்கிருந்து நிர்வாக அதிகாரியின் அறை. அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிதானமாகக் கேட்டாள்.

"கூடத்தைக் காலி பண்ணணும்னா எனக்கு எழுத்துல வேணும். என்ன ஆச்சு, யாரால ஆச்சு, உங்க பேரு, கையெழுத்து. வாய்ப்பேச்சுல எழுபது பேரை வெயில்ல நிறுத்த முடியாது."

வெள்ளைத் தாளைத் தள்ளினாள். குழாயம்மா பேனாவை எடுத்தாள். 'என் வரைபடத்தின்படி' என்று எழுதியதோடு கை நின்றுவிட்டது. அந்த வாக்கியத்தை முடித்தால் லைசென்ஸ் போய்விடும். வேலை போய்விடும். அம்மா என்ன செஞ்சே என்று எட்டாவது படிக்கிற மகள் கேட்பாள். எழுதாவிட்டால்? அதை நினைக்க முடியவில்லை. அப்படியும் கை நகரவில்லை. ஐந்து நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிற்பாடு எத்தனையோ நாள் தூக்கத்தைக் கெடுத்தது அந்த ஐந்து நிமிஷம்தான்.

"பீம் இன்ஜினியரைக் கூட்டிட்டு வந்துடறேன்" என்று எழுந்தாள்.

பீம் இன்ஜினியர் வேறு யாருமில்லை, அவளுடைய சொந்த அண்ணன்.

நான்கு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. வேறொரு கட்டடத்துக்கான கூட்டத்தில் ஆரம்பித்தது. அவளுடைய தண்ணீர்த் தொட்டிக்காக அவன் அஸ்திவாரத்தை மாற்ற வேண்டி வந்தது. "குழாய் போடுறவங்களுக்குக் கட்டடம்னா என்னன்னே தெரியாது" என்று பதினைந்து பேர் முன்னால் சொன்னான் அண்ணன். "தூண் நட்டா வேலை முடிஞ்சுதுன்னு நினைக்கிறவங்களுக்கு, உள்ள இருக்கிற மனுஷனுக்குத் தாகம் எடுக்கும்னு தெரியாது" என்று அவளும் விடவில்லை. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்ததுதான் வினையாகப் போயிற்று. மகள் கை ஒடிந்து கிடந்தபோதுகூட அண்ணி மட்டும்தான் வந்து பார்த்தாள். இந்த ஆஸ்பத்திரி வேலையில் இருவரும் சேர்ந்து மாட்டிக்கொண்டபோது, எல்லாக் கடிதப் போக்குவரத்தும் ஆர்க்கிடெக்ட் ஆபீஸ் வழியாக என்று ஏற்பாடாகிவிட்டது. முகம் பார்க்க வேண்டியதில்லை என்று அவளுக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது.

பதினொரு தடவை போன் அடித்தாள். எடுக்கவில்லை. பிறகு அண்ணிக்கு.

"இன்னைக்கு அவருக்குக் காலேஜ்லம்மா. போனை டிராயர்ல வெச்சுப் பூட்டிட்டுத்தான் வகுப்புக்குப் போவாரு. என்னாச்சு? குரல் ஒரு மாதிரி இருக்கே?"

"அப்புறம் சொல்றேன் அண்ணி."

ஆட்டோவில் போகும்போது சைட் மேனேஜர் கூப்பிட்டார். "ஃபியூஸை எடுத்துட்டுப் போனா எங்களுக்கு வேற ஃபியூஸ் கிடைக்காதா மேடம்? மோட்டார் ஓடுது. உங்க மேல கம்ப்ளெயின்ட் எழுதப்போறேன்." அவள் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார். டிரைவரிடம் "கொஞ்சம் வேகமா போங்க" என்றாள். சிக்னலில் நின்றபோது மறுபடியும் சொன்னாள். "பறக்கவா முடியும்?" என்றான் அவன்.

கல்லூரி அவள் படித்த கல்லூரிதான். அங்கே ஒரே காம்பவுண்டுக்குள் நான்கு கட்டடங்கள்: ஆர்க்கிடெக்டுகளுக்கு ஒன்று, பீம் கணக்குப் போடுகிறவர்களுக்கு ஒன்று, குழாய்க்காரர்களுக்கு ஒன்று, மதிப்பீடு போடுகிறவர்களுக்கு ஒன்று. நான்கு வருஷம் ஒரே கேன்டீனில் டீ குடித்தார்கள், ஒரு நாள்கூட ஒரே வகுப்பில் உட்கார்ந்ததில்லை. வெளியே வந்து கட்டடம் கட்டும்போதுதான் ஒருவர் பாஷை இன்னொருவருக்குப் புரியவில்லை என்பதே தெரிந்தது. எல்லோரும் குறை சொல்லிச் சொல்லி, நான்கு துறைப் பிள்ளைகளையும் ஒரே மேசையைச் சுற்றி உட்காரவைத்து ஒரே கட்டடத்தைச் சேர்ந்து வரையச் சொல்லும் கூட்டு வகுப்பு ஒன்றைக் கல்லூரி இந்த வருஷம் ஆரம்பித்திருந்தது. அதை நடத்த வெளியிலிருந்து ஒருவரை அழைத்தார்கள். அது அவள் அண்ணன் என்று அண்ணி சொன்னபோது அவளுக்குச் சிரிப்புதான் வந்தது.

இப்போது சிரிப்பு வரவில்லை. வகுப்பு வாசலில் மூச்சிரைக்க நின்றாள். உள்ளே அவன் கரும்பலகையில் ஏதோ படம் போட்டபடி பேசிக்கொண்டிருந்தான்.

"உங்க டிராயிங்கில ஒரு கோடு மாறினா, பக்கத்துல இருக்கிறவருக்கு அன்னைக்கே சொல்லணும். இது மரியாதைக்காக இல்ல. அவர் உங்க கோட்டு மேலதான் தன்னோட கோட்டைப் போடுறாரு."

"சார், ஒரு நிமிஷம்" என்றாள்.

திரும்பிப் பார்த்தான். முகம் இறுகியது. "வகுப்பு நடக்குது. பன்னிரண்டு மணிக்கு முடியும். வெளிய இருங்க."

நீங்க, இருங்க. பிறந்ததிலிருந்து அவளை நீ என்றே கூப்பிட்டவன். அவள் உள்ளே நுழைந்து, பிள்ளைகளின் மேசைகளுக்கு நடுவே நடந்து போய், போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அண்ணா. இது உன் பீம்."

அவன் படத்தைப் பார்த்தான். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தான். மேசையில் வைக்கப்போன சாக்பீஸைத் தன்னையறியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"தூண்லேருந்து எவ்வளவு தூரம்?"

"ஓரடி. அஞ்சு ஓட்டை."

"ரிங் கம்பி?"

"அறுத்தாச்சு."

"மேல தொட்டி காலியாத்தானே இருக்கு?"

"காலையிலேருந்து நிரம்பிட்டிருக்கு."

அவன் வகுப்பைவிட்டு ஓடினான். பிள்ளைகளில் யாரோ "சார், அசைன்மென்ட்?" என்று கேட்டது பின்னால் காதில் விழுந்தது.

கார் இரண்டு தெரு தாண்டியது. பிறகு அவன்தான் கேட்டான்.

"நீ எந்த ரிவிஷன் டிராயிங்கை வெச்சு வரைஞ்ச?"

"மூணாவது."

"பீம் வந்தது அஞ்சாவதுல. கூடத்து நடுவுல இருந்த ரெண்டு தூணையும் ஆர்க்கிடெக்ட் எடுக்கச் சொன்னாரு. அதனால மொத்த பாரமும் அந்த பீமுக்கு மாறிடுச்சு."

"எனக்கு மூணுக்கு அப்புறம் எதுவுமே வரல."

"ஆர்க்கிடெக்ட் ஆபீஸுக்கு அனுப்பினோமே."

"எனக்கு ஏன் அனுப்பல?"

அவன் முன்னால் போன வண்டிக்கு வேண்டாத ஹாரன் அடித்தான். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவன் விரல்கள் வெளுத்திருந்ததை அவள் பார்த்தாள். என்னவோ இருக்கிறது என்று தெரிந்தது. கேட்க அது நேரமில்லை.

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் அவன் ஏணியில் ஏறினான், அவள் அதிகாரியின் அறைக்கு ஓடினாள். அதே வெள்ளைத் தாள் மேசைமேல் அப்படியே கிடந்தது. இந்தத் தடவை நிற்காமல் எழுதினாள். என் வரைபடத்தின்படி போட்ட ஓட்டைகளால் பீம் பலமிழந்துவிட்டது, கூடத்தில் இருப்பவர்கள் உயிருக்கு ஆபத்து, உடனே காலி செய்யவும். பெயர், கையெழுத்து, மணி பதினொன்று ஐம்பது.

அதிகாரி அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள். "இது உங்க மேல நீங்களே எழுதிக்கிட்ட புகார் மாதிரி இருக்கே."

"ஆமாங்க. வாங்கிக்குங்க."

அண்ணன் தலைமுடியெல்லாம் தூசியாக வந்து நின்றான். அவள் கையெழுத்துக்குக் கீழே தானும் போட்டான். "நீங்க வெச்ச கார்டு நுழைஞ்சுதுன்னு மேஸ்திரி சொன்னாரு. இப்ப என் சுண்டுவிரல் நுழையுது" என்றான், யாரைப் பார்த்து என்றில்லாமல். வேற்றாள் முன்னால் மறுபடி நீங்க என்றது அவன் காதிலேயே விழவில்லை.

இதற்குள் சைட் மேனேஜர் சொல்லி ஆர்க்கிடெக்டும் வந்துவிட்டார். மறுநாள் விழாவுக்குத் தைத்த வெள்ளைச் சட்டையைச் சரிபார்க்கப் போட்டுக்கொண்டு வந்தவர், "திறப்புக்கு முந்தின நாள் என் சீலிங்கைக் கழற்றினது யார்?" என்று கத்தினார். அண்ணன் ஏணியைக் காட்டினான். ஏறிப் போனவர் இறங்கி வந்தபோது குரல் அடங்கிவிட்டது. வெள்ளைச் சட்டையில் சிமென்ட் கறை. "எத்தனை நேரம் இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியாது" என்றான் அண்ணன். "பாரம் ஏற ஏறக் குறையும்."

அந்தக் கட்டடத்துக்காக மூன்று வருஷமாக மூன்று ஆபீஸ்கள் வரைந்திருந்தன. மூன்று பேரும் ஒரே இடத்தில் நின்று ஒரே விஷயத்தைப் பேசியது அந்த நிமிஷம்தான் முதல் தடவை. ஒலிபெருக்கியில் கூடத்தைக் காலி செய்யச் சொன்னார்கள், ஒருத்திகூட அசையவில்லை. காலை ஆறு மணிக்கு வந்து பிடித்த டோக்கன், யார் விடுவார்கள்? ஆர்க்கிடெக்ட்தான் ஒலிபெருக்கியை வாங்கினார். "டாக்டரம்மா பழைய கட்டடத்துக்குப் போயிட்டாங்க. அங்க இதே நம்பர் வரிசையிலதான் பார்ப்பாங்க. கிழக்கு வாசல் வழியா வாங்க, அங்க படிக்கட்டு இல்ல, சரிவுதான்" என்றார். உடனே கூடம் எழுந்தது. மனுஷர்கள் எந்த வாசலில் எப்படி நடப்பார்கள் என்பது அவருக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரியாது.

அண்ணன் சொன்னதும் மோட்டார் நின்றது. அவள் மொட்டைமாடிக்கு ஓடினாள். தொட்டி முக்கால்வாசி நிரம்பியிருந்தது. வழக்கமான வடிகாலைத் திறந்தால் தண்ணீர் அந்த ஐந்து குழாய் வழியாகத்தான் இறங்கும், இரவாகிவிடும். தீயணைப்புக் குழாயின் வால்வைத் திறந்து, ஹோஸை மாடிச் சுவருக்கு வெளியே விட்டாள். தண்ணீர் அருவி மாதிரி வாகனம் நிறுத்தும் இடத்தில் கொட்டியது. யாருடைய காரோ நனைந்தது, யாரோ திட்டினார்கள். வால்வு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, குறை, குறை என்று தொட்டியிடம் வாய்விட்டுக் கெஞ்சினாள்.

கீழே அண்ணன் இரும்பு முட்டுகளைக் கொண்டுவந்து பீமுக்கடியில் கொடுக்க ஆரம்பித்திருந்தான். எங்கே நிறுத்த வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் இடையில் சீலிங் சட்டங்கள் குறுக்கே நின்றன. எந்தச் சட்டத்தை அறுத்தால் மற்றது தலையில் விழாது என்பது மேஸ்திரிக்குத்தான் தெரியும். அவர் அறுத்துக்கொடுக்கக் கொடுக்க ஒவ்வொரு முட்டாக ஏறியது. ஆறு முட்டு நின்றது. ஏழாவதற்காக அவர் தூணோரம் ஏணியை நகர்த்தினார்.

"அங்க வேண்டாம், இறங்குங்க" என்றான் அண்ணன்.

"இது ஒண்ணுதாங்க, முடிஞ்சுது."

மாடியிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்த அவளுக்குப் பெரிய மரக்கிளை முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அவள் கூடத்து வாசலை அடைந்தபோது எங்கும் வெள்ளைப் புழுதி. ஓட்டைகளுக்குக் கீழேயிருந்த கான்கிரீட் அப்படியே பெயர்ந்து, காலி நாற்காலி வரிசையின் மேல் விழுந்திருந்தது. பீம் ஒரு கை அகலம் இறங்கி, ஆறு முட்டுகளின் மேல் உட்கார்ந்திருந்தது. அதற்குமேல் இறங்கவில்லை. புழுதிக்குள் அண்ணன் முழங்காலிட்டு வெறுங்கையால் கான்கிரீட் துண்டுகளைத் தள்ளிக்கொண்டிருந்தான். மேஸ்திரியின் வலது தோள் அதற்கடியில் இருந்தது.

உயிர் பிழைத்தார். விழுந்த இடமே ஆஸ்பத்திரி என்பதால் பிழைத்தார் என்றார்கள். தோள் எலும்பு மூன்று துண்டு.

மறுநாள் திறப்பு நடக்கவில்லை. மூன்று வாரம் விசாரணை நடந்தது. நீள மேசை, ஆளாளுக்கு ஒரு ஃபைல். யாரைக் கேட்டாலும் தன்னிடம் தாள் இருக்கிறது என்றார்கள். சைட் மேனேஜரிடம் அவள் கையெழுத்திட்ட வரைபடம் இருந்தது. ஆர்க்கிடெக்டிடம், ஐந்தாவது ரிவிஷனைப் பட்டியலில் உள்ள அனைவருக்கும் அனுப்பியதற்கான மெயில் இருந்தது. அந்தப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. பட்டியலைத் தந்தது பீம் இன்ஜினியர் ஆபீஸ் என்றார் ஆர்க்கிடெக்ட். எழுதும்போது, படம் வரைகிற டிராஃப்ட்ஸ்மேன் அவள் பெயரை விட்டிருப்பான் என்று விசாரணை அதிகாரியே ஒரு வழி காட்டினார். அண்ணன் தலையை ஆட்டியிருந்தால் போதும், அதோடு முடிந்திருக்கும். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டப்போகிறான் என்றுதான் நினைத்தாள்.

"டிராஃப்ட்ஸ்மேன் விடல" என்றான் அவன். "மூணாவது ரிவிஷனுக்கு அப்புறம் என் தங்கச்சி பேரை எடுக்கச் சொன்னது நான். நாலு வருஷமா அவகூடப் பேசறதில்ல. என் டிராயிங் மெயில்ல அவளுக்குப் போக வேண்டாம், வேணும்னா அவளே கேட்டு வாங்கிக்கட்டும்னு நினைச்சேன்."

அறையில் யாரோ பேனா மூடியை மூடுகிற சத்தம் கேட்டது.

"நானும் கேட்கல" என்றாள் அவள். யாரும் அவளைக் கேட்காமலே. "மூணுக்கு அப்புறம் ஒண்ணும் வரலையேன்னு எனக்குத் தோணிச்சு. ஒரு போன் போட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். அவன்கிட்டப் போய் நிக்கணுமான்னு விட்டுட்டேன்."

தீர்ப்பு வந்தது. அவன் கையெழுத்துப் போட மூன்று வருஷத் தடை. அவளுக்கு ஒன்றரை வருஷம். ஆர்க்கிடெக்டுக்கு எச்சரிக்கை. சைட் மேனேஜர் வேறு சைட்டுக்குப் போனார். கல்லூரி கூட்டு வகுப்பை நிறுத்திவிட்டது. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார் பிரின்சிபால், அடுத்த வருஷம் யாரும் பார்க்கப்போவதில்லை என்கிற குரலில். பிள்ளைகள் பழையபடி நான்கு கட்டடங்களுக்குத் திரும்பினார்கள்.

இரண்டு மாதம் கழித்து, கட்டு பிரித்த பிறகு, அண்ணனும் தங்கையும் மேஸ்திரி வீட்டுக்குப் போனார்கள். ஒரே காரில். அண்ணிதான் பிடிவாதமாக ஏற்றி அனுப்பினாள். ஒற்றை அறை வீடு. மேஸ்திரி கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "வாங்கம்மா, வாங்க சார்" என்று இடது கையால் வரவேற்றார். அவர் மனைவி இரண்டு ஸ்டூலைப் போட்டுவிட்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் நின்றாள்.

என்ன பேசுவது?  வகுப்பில் ஒரு மணி நேரம் நிறுத்தாமல் பேசுகிறவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பெண்தான் கேட்டாள். "கோவிச்சுக்காதீங்க. பேப்பர்ல என்னென்னவோ போட்டிருந்தாங்க, எனக்கு ஒண்ணும் விளங்கல. அங்க என்னதாங்க நடந்துச்சு?"

அவள் சொல்ல ஆரம்பித்தாள். மூன்றாவது ரிவிஷனிலிருந்து. பாதியில் அண்ணன் குறுக்கிட்டு, பீம் ஏன் வந்தது என்று சொன்னான். பிறகு அவள். பட்டியல் வந்தபோது அவன் நிறுத்தவில்லை, அதையும் சொன்னான். ஏன் பேசாமல் இருந்தோம் என்று வந்தபோது இருவருமே கொஞ்சம் தடுமாறினார்கள். பதினைந்து பேர் சிரித்ததைச் சொன்னார்கள். அந்த அறையில் வைத்துச் சொல்லும்போது அது அற்பமாக இருந்தது. சொல்லவே கூச்சமாக இருந்தது.

"சிரிச்சாங்கன்னா பேசாம இருந்தீங்க?" என்றாள் அந்தப் பெண். நம்ப முடியாத மாதிரி புருஷனைப் பார்த்தாள்.

 டாக்டர் சொன்ன பயிற்சிக்கு நேரமாயிற்று என்று மணியைப் பார்த்துவிட்டுக் கட்டிலருகே வந்தாள். "சார், நீங்க கொஞ்சம் முழங்கையைப் பிடிச்சுக்குங்க. அம்மா, நீங்க மணிக்கட்டு. நான் தனியா தூக்கினா அவருக்கு வலிக்குது. மூணு பேரும் சேர்ந்து மெதுவா."

பிடித்தார்கள். ஒன்று என்று அந்தப் பெண் எண்ண, கை மெல்ல எழுந்தது. இடுப்பு. விலா. தோளுக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றுவிட்டது. மேஸ்திரி பல்லைக் கடித்துக்கொண்டார். நெற்றியில் வேர்வை அரும்பியது.

"இதுக்கு மேல போகாதுங்க" என்றார். "டாக்டரும் சொல்லிட்டாரு."

அவர் வேலை எல்லாமே தலைக்கு மேலே.

கையை இறக்கினார்கள். இன்னும் ஒன்பது தடவை தூக்க வேண்டும் என்றாள் அந்தப் பெண். அண்ணன் முழங்கையை விடாமல் பிடித்திருந்தான். அவன் கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்க அவனுக்குக் கை ஒழியவில்லை, தங்கைக்கும்தான்.

"ரெண்டு" என்றாள் மேஸ்திரியின் மனைவி. தூக்கினார்கள்.